வெள்ளியுப்பும் ரயில்வேக் குடியிருப்பும்

கோலாலம்பூர் நகரத்தின் வடபால், பத்துமலைக்குச் செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கிலும் படர்ந்து கிடக்கும் செந்தூலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அனைவரும் ரயில்வேப் பட்டறையிலிருந்தே தொடங்குவர், அது நியாயமே. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே தனது மத்தியப் பட்டறையை இங்கே நிறுவிய பிறகுதான், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்த கிராணிமாரும் நிலைய அதிபர்களும் குடியேறி, கோயிலும் பள்ளியும் எழுப்பி, இதை ஓர் ஊராக்கினார்கள். அந்தச் சரித்திரத்தின் ஓரத்தில், எவரும் அதிகமாகக் கவனிக்காத ஒரு பழக்கத்தின் வரலாறும் இருக்கிறது. படம் பிடிப்பதும், பிடித்த படத்தைக் கழுவுவதும், கழுவிய படத்தைக் காப்பதுமாகிய பழக்கம் அது. பழைய காமிராக்களைத் தேடி வாங்கி, பிலிம் சுருளை இட்டு, வீட்டிலேயே ரசாயனம் கலந்து கழுவிப் பார்க்கும் ஆசை இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பலரைப் பற்றியிருக்கிறது, என்னையும் பற்றியிருக்கிறது. இந்த ஆசைக்கு ஒரு பூர்வீகம் உண்டென்பதையும், அந்தப் பூர்வீகத்தை அறிந்தால் நம் கையிலுள்ள கருவியின் பொருளே வேறாகிவிடும் என்பதையும் எடுத்துரைக்கவே இதை எழுதுகிறேன்.

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரில் டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபின், அந்தக் கலை தமிழகத்தை அடைய நெடுங்காலம் பிடிக்கவில்லை. 1856-இல் சென்னையில் புகைப்படக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. அதே சமயத்தில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, மதுரைக்கும் தஞ்சைக்கும் மாட்டு வண்டிகளில் தமது கனத்த சாதனங்களை ஏற்றிச் சென்று, மீனாட்சியம்மன் கோயிலையும் பெரிய கோயிலையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். கடலுக்கு இப்பால், டிரெஸ்டன் நகரத்தவரான லாம்பர்ட் என்பவர் 1867-இல் சிங்கப்பூரில் நிறுவிய படக்கடை, அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் இப்பிரதேசத்திலேயே பெரும் ஸ்தாபனமாக வளர்ந்தது. அந்தக் கடையினரும், சுமத்திராவின் மேடானைத் தலைமையிடமாகக் கொண்டு மலாய்த் தீபகற்பத்தையும் படம்பிடித்துத் தொகுதிகளாக வெளியிட்ட கிளைன்குரோத் என்பவரும் விட்டுச்சென்ற படங்களில் தமிழர் உண்டு. கித்தாத் தோட்டத்தில் கத்தியோடும் வாளியோடும் நிற்பவர், மாட்டுவண்டி ஓட்டுபவர், மூக்குத்தியும் தண்டட்டியும் அணிந்து காமிராவை வெறித்துப் பார்க்கும் பெண் என்று பலர் அவற்றில் நிற்கின்றனர். இவர்களுள் ஒருவருக்கேனும் படத்தின் கீழே பெயர் எழுதப்பட்டிருப்பது அரிது. இனமும் தொழிலுமே அடையாளமாக அச்சிடப்பட்டு, ஐரோப்பாவுக்குத் திரும்பும் துரைமாரின் பெட்டிகளில் ஞாபகப் பொருளாக அவை பயணம் செய்தன. படத்தில் இருந்தவனுக்கு அதன் பிரதி ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. மலாயாத் தமிழனின் உருவம் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது பிறருடைய விருப்பத்தால், பிறருடைய பார்வைக்காக என்பதே இந்த வரலாற்றின் தொடக்கம்.

இந்த நிலையை மாற்றியதில் ரயில்வேக்குப் பெரும் பங்குண்டு. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்தே பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் பாதை திறக்கப்பட்டது. பாதை நீள நீள, கணக்கெழுதவும் தந்தியடிக்கவும் நிலையங்களை நடத்தவும் ஆங்கிலம் அறிந்தவர் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகள் அத்தகையோரை ஆண்டுதோறும் உருவாக்கிக்கொண்டிருந்தன. மாதச் சம்பளமும் ரயில்வேக் குடியிருப்பும் கிடைத்த இந்த உத்தியோகஸ்தர்களே, படம் எடுத்துக்கொள்வதற்கென்று தாமாகவே பணம் கொடுத்துப் படக்கடைப் படியேறிய முதல் தமிழ்க் கூட்டத்தாருள் அடங்குவர். ஊரிலிருக்கும் தாய்க்கு மகன் நலமாக இருக்கிறான் என்று காட்டவும், பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளையைக் காட்டவும், பிறந்த பிள்ளையைப் பாட்டனாருக்கு அறிமுகம் செய்யவும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்ட படமே போதியதாயிற்று. கடிதம் சொல்லக் கூசுவதைப் படம் சொல்லிற்று. கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, முழங்கை ஒரு சிறு மேசையின்மேல் படிய, பின்னால் வரைந்த திரையில் ஐரோப்பியத் தோட்டமொன்று விரிய நிற்கும் அந்த இளைஞர்களின் படங்கள் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பழைய குடும்பங்களின் ஆல்பங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பிடித்த கடைகள் பெரும்பாலும் சீனருடையவை. தமிழ் முகத்தைச் சீனக் கலைஞர் ஜெர்மானிய லென்ஸினூடாகப் பார்த்து, ஆங்கிலேயக் கண்ணாடித் தகட்டில் பதித்து, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வைத்தார் என்று சொன்னால் அக்காலத்து மலாயாவின் இயல்பு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

இங்கே சற்று நின்று, அந்தப் படங்களைப் பற்றிய ஒரு சூட்சுமத்தை விளக்க வேண்டும். ஏனெனில் நம் முன்னோரின் முகங்களை நாம் தவறாகவே படித்து வருகிறோம். பழைய தகடுகளிலும் பிலிம்களிலும் பூசப்பட்டிருந்த வெள்ளியுப்பு நீல ஒளிக்கே இயல்பாக இணங்கும். பின்னர் சாயம் சேர்த்துப் பச்சையையும் மஞ்சளையும் ஓரளவு உணரச் செய்தார்கள். ஆனால் சிவப்பை அந்தத் தகடுகள் உணரவே மாட்டா. ஆகையால்தான் சிவப்பு விளக்கின் கீழே அவற்றைக் கழுவ முடிந்தது. சிவப்பும் மஞ்சளும் கலந்து உள்ளொளி வீசும் மாநிற மேனி அத்தகைய தகட்டில் எப்படிப் பதியும்? நேரில் இருப்பதைவிடப் பல மடங்கு கறுத்தே பதியும். எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் 1920-களிலும் 30-களிலுமே பரவலாயிற்று. அதற்கு முற்பட்ட படங்களில் நம் பாட்டனாரும் பாட்டியாரும் கரிய உருவங்களாகத் தோன்றுவது அவர்களுடைய நிறத்தின் சாட்சியம் அன்று, ரசாயனத்தின் குறை. இந்தக் குறையை அறிந்தே படக்கடைக்காரர் முகத்தில் பவுடர் பூசச் சொன்னார். போதாதென்று, கழுவிய நெகட்டிவின்மேல் மிக மெல்லிய பென்சிலால் கோடு கோடாக இழைத்து, அச்சில் அந்த இடம் வெளுக்கும்படி செய்தார். பழைய நெகட்டிவ் ஒன்றை வெளிச்சத்தின் எதிரே சாய்த்துப் பிடித்தால், கன்னத்திலும் நெற்றியிலும் அந்தப் பென்சில் வேலையைக் காணலாம். அதைச் செய்தவரின் பொறுமை வியக்கத்தக்கது. அவ்வாறு செய்யவேண்டி வந்தது வருந்தத்தக்கது. வண்ணப் பிலிம் வந்த பின்னும் இந்த அநீதி மறையவில்லை. மேனாட்டு ஆய்வுக்கூடங்கள் தங்கள் அச்சு இயந்திரங்களின் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படத்தையே நீண்டகாலம் அளவுகோலாக வைத்திருந்தன. அந்த அளவுகோலின்படி அச்சான கலியாணப் படங்களில்தான் நம் மணமக்கள் நின்றார்கள்.

படக்கடையை விட்டு, காமிரா வீட்டுக்குள் நுழைந்தது ஈஸ்ட்மன் என்னும் அமெரிக்கரின் யுக்தியால். 1888-இல் நூறு படங்களுக்கான சுருளோடு அவர் விற்ற கோடக் காமிரா செல்வந்தருக்கே எட்டியது. 1900-இல் ஒரு டாலர் விலையில் வெளிவந்த பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவோ யாருக்கும் எட்டியது. அட்டைப்பெட்டி, ஒரு சாதாரண லென்ஸ், ஒரே வேகத்தில் திறந்து மூடும் தகடு: அவ்வளவே அதன் அமைப்பு. அடுத்த ஆண்டில் இரண்டாம் எண் பிரௌனிக்காக உண்டாக்கப்பட்ட 120 என்னும் சுருள் இன்றளவும் தயாராகிறது என்பது, நூறாண்டுப் பழமையான பெட்டியைப் பரணிலிருந்து இறக்குபவருக்கு உற்சாகம் தரும் செய்தி. பின்னர், ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் ஆலையில் இயந்திரத் தொழிலாளியாயிருந்த ஓஸ்கார் பார்னாக், ஆஸ்துமாவால் கனத்த தகடுகளைச் சுமக்க இயலாமல், சினிமாச் சுருளைக்கொண்டு உள்ளங்கையளவில் செய்துகொண்ட கருவி, 1925-இல் லைகா என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. பட்டறைத் தொழிலாளி ஒருவர் தமது தேவைக்காகச் செய்த கருவியே இக்கலையின் போக்கை மாற்றியது என்பதைப் பட்டறை ஊராகிய செந்தூலில் இருந்துகொண்டு எண்ணிப் பார்க்கையில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது. கடைசல் இயந்திரத்தின்முன் நின்று இரும்பை மயிரிழைக் கணக்கில் சீவிய நம்மவருக்கு, ஒரு ஷட்டரின் உட்பாகத்தைப் புரிந்துகொள்வது கடினமாயிருந்திருக்காது.

தமிழர் இக்கலையைப் பிறர் தயவால் மட்டுமே அறிந்தனர் என்று எண்ணுவோருக்கு ஏ. கே. செட்டியாரின் வாழ்க்கை தக்க மறுமொழி. கோட்டையூரைச் சேர்ந்த அவர் ரங்கூனில் பத்திரிகை நடத்தி, டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்று, பிறகு நியூயார்க்கிலும் அதைக் கற்று, 1937-இல் கப்பற் பயணம் ஒன்றில் உதித்த எண்ணத்தின்படி கண்டம் கண்டமாக அலைந்து காந்தியடிகளின் சலனப் படச் சுருள்களைத் திரட்டி, 1940-இல் தமிழில் ஆவணப் படமாக வெளியிட்டார். கிழக்காசியக் கடல்வழிகள் அவருக்குச் சொந்த ஊர்த் தெருக்கள் போன்றவை. மலேயா முதல் கனடா வரை என்றே அவருடைய பயண நூலொன்றுக்குத் தலைப்பு. சிதறிக் கிடந்த பிலிமைத் தேடிச் சேர்ப்பதும் படைப்பே என்பதை அவர் செய்து காட்டினார். எடுத்த படத்தைவிடக் காப்பாற்றிய படம் பெரிது என்று கருதிய அந்த மனிதரை, பழைய காமிரா அபிமானிகள் எல்லோரும் தம் முன்னோராகக் கொள்ளவேண்டும் என்பது என் கட்சி.

பிறகு யுத்தம் வந்தது. யுத்தத்துக்கு முன்பே மலாயாவின் பட்டணங்களில் ஜப்பானியர் படக்கடைகள் பல இருந்தன. படையெடுப்பு நேர்ந்தபின் அவற்றின்மேல் உளவுச் சந்தேகம் படிந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் காமிரா வைத்திருப்பது அச்சத்துக்குரிய காரியம். ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டு மாண்டார்கள். அந்தக் கொடுமையின் படங்கள் எத்தனை நமக்குண்டு? கைதியாயிருந்த ஜார்ஜ் ஆஸ்பினால் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர், மடக்குக் கோடக் ஒன்றை மறைத்து வைத்து, கிடைத்த எக்ஸ்ரே பிலிமை இருட்டில் அளவாக வெட்டி இட்டு, கைக்கு வந்த ரசாயனங்களைக்கொண்டு கழுவி, சாங்கி முகாமையும் பாதையோரக் கைதிகளின் எலும்புக் கூடான தேகங்களையும் உயிருக்குத் துணிந்து பதிவு செய்தார். சோதனை கடுமையானபோது காமிராவை அழித்தார், நெகட்டிவ்களைக் காத்தார். அப்படங்கள் பின்னர் உலகறிந்தன. நம்மவர் கூட்டத்தில் அப்படியொரு காமிரா இல்லை. அதனால் சயாமில் இறந்த தமிழரின் முகங்கள் பெரும்பாலும் உலகுக்குத் தெரியாமலே போயின. இதை நினைக்கும்தோறும், படம்பிடிப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு நாவெழுவதில்லை.

செந்தூலுக்கும் அந்த யுத்தம் ஒரு படத்தை விட்டுச்சென்றது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வங்காளத்து விமானத் தளங்களிலிருந்து புறப்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் இங்குள்ள ரயில்வேப் பட்டறையைத் தாக்கின. குண்டு வீசிய விமானங்களில் காமிராக்களும் பொருத்தப்பட்டிருந்தன. அழிவின் அளவை மதிப்பிட அவை வேண்டியிருந்தன. இந்த ஊரின் கூரைகளையும் இருப்புப்பாதைகளையும் வானத்திலிருந்து நோக்கியவை அழிக்க வந்தவர்களின் லென்ஸுகள். கீழே பதுங்குகுழிகளில் ஒடுங்கியிருந்தவர்களின் பக்கத்திலிருந்து அந்நாட்களைப் பார்க்க நமக்குப் பாட்டிமார் சொன்ன கதைகளே மிஞ்சின.

யுத்தம் முடிந்து மூன்றாண்டுகளில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் பிறந்தது. 1948-இல் கொணர்ந்த சட்டத்தின்படி பன்னிரண்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டியதாயிற்று. தோட்டங்கள்தோறும் கம்பங்கள்தோறும் மக்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அதுகாறும் மறுத்து வந்த கிழவியரும் அந்த வரிசையில் நின்றார்கள். எத்தனையோ தொழிலாளருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அந்த ஐ.சி. படமே, அவர் இறந்தபின் அதையே படக்கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, கோட்டும் பொட்டும் கையால் தீட்டி, மாலையிட்டுச் சுவரில் மாட்டினார்கள். அரசாங்கத்தின் சந்தேகத்தால் பிறந்த படம் குடும்பத்தின் பூசைப் பொருளாக மாறிய இந்த நிகழ்ச்சியைக் காட்டிலும் உருக்கமானது மலேசியத் தமிழரின் சமுதாய வரலாற்றில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

சுதந்திரத்துக்குப் பின்வந்த பத்தாண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஏனெனில் அவை செழிப்பான காலம், செழிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாஷிகா, கேனன், நிக்கான், பென்டாக்ஸ் முதலிய ஜப்பானியக் காமிராக்கள் நடுத்தரக் குடும்பத்துக்கும் கிட்டின. பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிகளுக்கு இணையாகக் காமிராக்களும் பெருகின. 1965 முதல் 1970 வரை பேரரசராக வீற்றிருந்த திரெங்கானு சுல்தான் இஸ்மாயில் நசிருதீன் ஷா, தாமே படமெடுத்து, தாமே இருட்டறையில் கழுவி அச்சிட்ட தேர்ந்த கலைஞர் என்பதையும், இலங்கையிலிருந்து ஜொகூர் அரண்மனைக்கு ஓவியராக வந்தவரின் மகனாகிய எரிக் பெரிஸ், பத்திரிகைப் புகைப்படக்காரராகப் பணியாற்றிய அதே சமயத்தில் பழைய அச்சு முறைகளையும் விடாது பரிசோதித்து வந்தவர் என்பதையும் இங்கே குறித்துச் செல்கிறேன். தாய்த்தமிழகத்திலும் ஒரு பெருமுயற்சி நடந்தது. தூசியற்ற குளிர்ந்த காற்றுடைய உதகமண்டலத்தில் 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்க ஆலை நிறுவப்பட்டு, 1967 முதல் இந்து என்ற பெயரில் பிலிமும் காகிதமும் எக்ஸ்ரே தகடும் தயாரித்தது. தமிழ் மண்ணில் பிறந்த அந்த வெள்ளியுப்புச் சுருள் இன்று இல்லை; ஆலை நொடித்து மூடப்பட்டது.

இனி, பழைய காமிராவைக் கையிலெடுப்போர் செந்தூலில் சந்திக்கும் இடர்களைச் சொல்கிறேன்; இவை இன்றைய இடர்கள் மட்டுமல்ல, எண்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே படம் கழுவியவர்களும் பட்டவையே என்பதால் வரலாற்றின் பகுதியுமாகும். பிலிம் கழுவும் நூல்கள் யாவும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ரசாயனம் 20 பாகை வெப்பத்தில் இருக்கவேண்டும் என்று அவை விதிக்கின்றன. செந்தூலில் குழாயைத் திறந்தால் வரும் நீர் நண்பகலில் 30 பாகையைத் தொடும். பிலிமின்மேல் வெள்ளியுப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்னும் வஸ்து. வெந்நீர்ப் பக்கம் போகப் போக அது நீரை உறிஞ்சி ஊதி, மெதுவாகி, ஈரத்தில் விரல் பட்டாலே பெயர்ந்துவிடும். மேலும் வெப்பம் ஏற ஏற ரசாயனத்தின் வேகமும் ஏறுவதால், எட்டு நிமிஷத்தில் நிதானமாக முடியவேண்டிய காரியம் நான்கே நிமிஷத்தில் முடிந்து, வானம் ஓரிடத்தில் திட்டாகவும் ஓரிடத்தில் வெளிறியும் பதிகிறது. இதற்கு முன்னோர் கண்ட பரிகாரங்கள் அநேகம். கழுவும் ரசாயனத்தில் சோடியம் சல்பேட்டைச் சேர்த்து ஜெலட்டினை ஊதவிடாமல் தடுத்தார்கள். கழுவியவுடன் குரோம் படிகாரக் கரைசலில் அமிழ்த்தி இறுகச் செய்தார்கள். பனிக்கட்டி வாங்கி வந்து தட்டைச் சுற்றி அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலையில், இரவுக் குளிர்ச்சி நீரில் இன்னும் தங்கியிருக்கும் வேளையில் வேலையை முடித்தார்கள். நான் இம்முறைகளைப் பலகாலும் செய்து பார்த்தவரையில், விடியற்காலையே எல்லாவற்றிலும் சிறந்தது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் பனிக்கட்டியை ரசாயனத்துக்குள்ளேயே போட்டுவிடுவோர் அதன் செறிவைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கட்டியைப் பையிலிட்டு வெளியே வைப்பதே முறை.

இரண்டாவது இடர் பூஞ்சை. ஈரம் மிகுந்த இந்த வாயுமண்டலத்தில், அலமாரிக்குள் மூடி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போன்ற வெண்ணிழைகள் படர்ந்து, நாளடைவில் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடுகின்றன. அழகான தோலுறையில் பத்திரமாக வைத்த காமிராவே முதலில் கெடும். தோல் ஈரத்தை வாங்கிக் காமிராவுக்கு ஊட்டுகிறது. இன்று மின்சாரத்தால் ஈரத்தை அகற்றும் பேழைகள் கிடைக்கின்றன. அவை இல்லாத காலத்தில் அரிசியைச் சிவக்க வறுத்து, சூடாறும்முன் காற்றுப் புகாத தகரத்தில் துணியில் முடிந்து வைத்து, அதனோடு காமிராவையும் பிலிமையும் அடைத்தார்கள். கரப்பானும் பெரும் பகை. ஜெலட்டின் அதற்கு உணவு. ஐம்பதாண்டு காமிராக்களில் கதவிடுக்கின் ஒளித்தடுப்புப் பஞ்சு இந்த வெப்பத்தில் இளகிப் பிசினாகிவிடுவதும், துணி ஷட்டர்களில் ஊசித்துளை விழுவதும், பாதரச மின்கலங்கள் தடைசெய்யப்பட்டதால் பழைய ஒளிமானிகள் பொய்க்கணக்கு காட்டுவதும் அநுபவத்தில் தெரியவருபவை. ஒளிமானி இல்லாமற்போனாலும் நஷ்டமில்லை. உச்சி வெயிலில் துவாரத்தை எஃப் 16-இல் வைத்து, பிலிமின் வேக எண்ணையே ஷட்டரின் வேகமாகக் கொள்ளும் பழைய விதி இங்கும் செல்லும். ஆயினும் நிலநடுக்கோட்டுச் சூரியன் தலைக்கு நேரே நிற்பதால் கண்குழிகள் இருண்டுவிடுகின்றன; வெள்ளை வேட்டியணிந்த மாநிறத்தவரைப் பிடிக்கையில் வேட்டிக்குக் கணக்கிட்டால் முகம் போய்விடும். முகத்துக்கே கணக்கிட வேண்டும், வேட்டி எரிந்தாலும் சரி. இந்த விதியை எந்த மேனாட்டு நூலும் எனக்குச் சொல்லவில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் வீணாய்ப்போன சுருள்கள் சொல்லின.

பரிசோதனைகளுள் மனத்துக்கு இனியது காப்பியால் பிலிம் கழுவுவது. காப்பியிலுள்ள அமிலங்கள் வெள்ளியுப்பைக் கரிய வெள்ளியாக மாற்றவல்லவை என்பது 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரக் கல்லூரியொன்றில் நிரூபிக்கப்பட்டது. உடனடிக் காப்பித் தூள், துணி வெளுக்கும் சோடா, வைட்டமின் சி ஆகிய மூன்றையும் நீரில் கலந்தால் போதும். விலையுயர்ந்த அராபிக்காவைவிட மலிவான ரொபஸ்டாவே இதற்கு உகந்தது. நாற்றம் சகிக்கவொண்ணாதது, பலனோ பழுப்பேறிய, சற்றுச் சொரசொரப்பான, தனியழகுள்ள நெகட்டிவ். சர்க்கரையும் வெண்ணெய்ப் பண்டமும் சேர்த்து வறுத்த நம் ஊர்க் கடைக் காப்பித்தூள் இதற்கு உதவாது. கொழுப்புச் சேராத தூளையே வாங்கவேண்டும்.

பிலிம் தொழிலின் பேரஸ்தமனம் யாவரும் அறிந்தது. கோடக் நிறுவனம் 2009-இல் கோடக்ரோம் என்னும் வண்ணப் பிலிமைக் கைவிட்டது. 2012-இல் தானே கடனில் மூழ்கி நீதிமன்றத்தை நாடியது. அதன்பின் எதிர்பாராத மறுமலர்ச்சியும் வந்தது. நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் பிலிம் 2018-இல் திரும்ப வந்தது. இதற்கிடையே செந்தூல் பட்டறையும் பத்து காஜாவுக்குப் பெயர்ந்துவிட்டது. அதன் பழைய கட்டடமொன்றில் 2005 முதல் நாடக அரங்கு இயங்குகிறது. செங்கற் சுவர்களையும் இரும்புத் தூண்களையும் படமெடுக்க வாரந்தோறும் இளைஞர்கள் அங்கே வருகிறார்கள். அவர்களைக் காண எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு: சுவரைப் பிடிப்பதற்குமுன், அந்தச் சுவருக்குள் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஏனெனில் அவ்வீடுகளில் அலமாரியின் அடித்தட்டில், பிஸ்கட் தகரத்தில், பழைய நெகட்டிவ்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. ஐம்பதுகளுக்குப் பிற்பட்ட பிலிம்கள் பெரும்பாலும் அசெட்டேட்டால் ஆனவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அவை புளித்த வாடையைக் கிளப்பி, சுருங்கி, நெளிந்து, ஒன்றின் புளிப்பு அடுத்ததையும் பற்ற, முழுத் தொகுதியும் பாழாகும். தகரத்தைத் திறந்தவுடன் காடி நெடி அடித்தால் காலம் மிகக் குறைவு என்று பொருள். அன்றே அவற்றைத் தகரத்திலிருந்து எடுத்து, கெட்டதை நல்லதிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றையும் அமிலமற்ற காகித உறையிலிட்டு, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வையுங்கள், கையுறையணிந்து ஓரத்தை மட்டும் தொடுங்கள், தாமதமின்றி நகலெடுங்கள். படத்திலிருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்தக் குடியிருப்பு என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். லாம்பர்ட்டின் படங்களில் எழுதப்படாத பெயர்களை நம் வீட்டுப் படங்களிலாவது நாம் எழுதவேண்டும். வைத்துக் காக்க இயலாதவர்கள் குப்பைக்கு அனுப்பாமல், 1957-இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகத்தையோ தங்கள் ஊர்ச் சங்கத்தையோ அணுகட்டும். பழைய காமிரா வைத்திருக்கும் நண்பர்கள், கழுவவும் அச்சிடவும் கற்ற வித்தையில் ஒரு பங்கை அண்டை வீட்டாரின் நெகட்டிவ்களுக்குத் தானமாகக் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.